சத்தந்தின்னியின் காதுகள்

உல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் இருந்த அந்த ஹாலின் வாசலில் ஒரு பலகை வைத்திருந்தார்கள். குழந்தை இல்லாமல் வரும் பெரியவர்களுக்கு அனுமதி இல்லை. தமிழ், கன்னடம், ஆங்கிலம் என்று மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. மூன்றையும் படித்தேன். மூன்றிலும் அதேதான்.

"சார், உங்க கிட்?" என்றாள் வாசலில் நின்ற பெண். கழுத்தில் தொங்கிய அட்டையில் லீனா என்று பெயர்.

"இல்ல."

"பின்னாடி வர்றாங்களா?"

"குழந்தையே இல்ல. டிக்கெட் இருக்கு."

"ஸாரி சார். சில்ட்ரன்ஸ் ஈவென்ட். சேஃப்டி ரூல்."

நான் வாதாடவில்லை. அது சரியான விதி. சவரம் செய்யாத முகம், சிவந்த கண், தோளில் ஒரு பை. முப்பத்திரண்டு வயது ஆள் தனியாக வந்து குழந்தைகள் நடுவில் உட்கார வேண்டும் என்றால் நானே விடமாட்டேன்.

எனக்கு இரவு வேலை. ஹோட்டல் அறை பதிவுசெய்து தரும் ஓர் அமெரிக்க நிறுவனத்துக்காக இங்கிருந்து பேசுபவர்களின் அழைப்புகளைப் பதிவில் கேட்டு மதிப்பெண் போட வேண்டும். வாடிக்கையாளரின் பெயரை இரண்டு முறை சொன்னாரா, வருத்தம் தெரிவித்தாரா, முடிக்கும்போது நன்றி சொன்னாரா. என்ஜினீயரிங்கை இரண்டாம் வருடத்தில் விட்டவனுக்கு இது மோசமான வேலை இல்லை. யாரோடும் பேச வேண்டியதில்லை. காலை ஆறு மணிக்கு வேலை முடிந்ததும் ஈஜிபுராவில் என் அறைக்குப் போய்ப் படுக்காமல் நேராக இங்கே வந்திருந்தேன். பையில் ஒரு பழைய நோட்டு இருந்தது.

"இன்னா சார், புள்ள இல்லாம வந்துகினியா?" பின்னால் நின்ற ஆள் கேட்டார். தோளில் ஒரு குட்டிப் பெண், கையில் பிடித்தபடி ஒன்பது வயதில் இன்னொருத்தி. "எந்த ஊரு நீ?"

"கே.ஜி.எஃப்."

"அட! எந்த லைன்?"

"ஸ்டோர் லைன்."

தங்கவயல்காரர்கள் ஒருவரையொருவர் இப்படித்தான் அளப்பார்கள். சுரங்கக் குடியிருப்பில் எந்த வரிசை வீடு என்று தெரிந்துவிட்டால் போதும், மீதியை அவர்களே ஊகித்துக்கொள்வார்கள். "எங்கப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்துல கல்லு அள்ற மக்கிங். நான் தாஸு. இப்போ மர்பி டவுன்ல கீறோம்," என்றவர் லீனாவிடம் திரும்பினார். "யம்மா, இவரு எங்க மச்சான். என் பெரிய பொண்ணு இவரோட வருவா. எங்கிட்ட ரெண்டு கீது, ஒண்ண அவரு புடிச்சிக்கட்டும்."

"இப்பதானே ஊரு கேட்டீங்க?" என்றாள் லீனா.

"ரொம்ப நாளா பேச்சுவார்த்தை இல்லம்மா. குடும்பத் தகராறு. மூஞ்சி அப்படித்தான் இருக்கும், ஆளு நல்லவன்."

லீனா சிரித்துவிட்டாள். தாஸின் அடையாள அட்டையைப் படமெடுத்துக்கொண்டு, என் மணிக்கட்டிலும் பெரிய பெண்ணின் மணிக்கட்டிலும் ஒரே எண் போட்ட மஞ்சள் காகித வளையத்தை ஒட்டினாள். ஐம்பத்தேழு. வெளியே போகும்போது இரண்டு ஐம்பத்தேழும் சேர்ந்து போக வேண்டும்.

"பேரு?" என்று பெரியவளிடம் கேட்டேன்.

"சங்கமித்ரா. உங்க பேரு?"

"ரெமிஜியஸ்."

"அப்படி ஒரு பேரா?"

"சர்ச் சாமியார் வச்சது."

தரையில் ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். தாஸ் சின்னவளோடு முன்வரிசையில் உட்கார்ந்தார். நாங்கள் அவருக்குப் பின்னால். மேடையில் ஒரு நாற்காலி, ஒரு திரை. நிகழ்ச்சிக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

"அங்கிள், நீங்க எதுக்கு வந்தீங்க?" என்றாள் சங்கமித்ரா.

"அவங்கள ஒண்ணு கேக்கணும்."

"என்ன?"

இருபது வருடமாக என்னிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. சொல்லிவிட்டேன்.

பிரிஸில்லா அத்தை என்ற பெயரில் எழுதும் அந்த அம்மாவின் புத்தகங்களை வைத்துத்தான் நான் தமிழ் படிக்கக் கற்றேன். பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும்தான். சர்ச் நூலகத்தில் அவருடைய புத்தகம் ஏழு இருந்தது. எழுத்துக்கூட்டி ஏழையும் முடித்தேன். அவர் எழுதியவற்றிலேயே பெயர் பெற்றது சத்தந்தின்னி. பூமிக்கு அடியில் இருந்துகொண்டு சத்தங்களைத் தின்று வாழும் ஒரு பிராணி. கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் இருபது வருடமாகக் குழந்தைகள் படிக்கிறார்கள். ஆனால் சத்தந்தின்னி எங்கள் அப்பாவுடையது. அந்த ஏழு புத்தகங்களில் அது கிடையாது.

அப்பா பால்ராஜ் சுரங்கத்தில் டிரில்லர், வெடி வைக்கப் பாறையில் துளை போடுபவர். இரண்டாயிரத்து ஒன்றில் சுரங்கத்தை மூடினார்கள். அதற்குப் பிறகு தினமும் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வந்து ஓர் அடுக்குமாடியில் காவல் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அவரை வெளிச்சத்தில் பார்ப்போம். பூசை முடிந்து வந்ததும் வீட்டுக்குப் பின்னால் என்னை முக்காலியில் உட்காரவைத்து முடி வெட்டுவார். நான் தலையை ஆட்டாமல் இருக்க, எதிரே இருந்த தண்ணீர் டிரம்மில் சுண்ணாம்புக்கட்டியால் சத்தந்தின்னியை வரைவார். பானை வயிறு, குட்டைக் கால், முன்பக்கம் இல்லாமல் முதுகுப் பக்கம் திரும்பிய இரண்டு காது. "அதையே பாரு. நீ அசைஞ்சா அது ஓடிடும்." நான் அதையே பார்ப்பேன். கத்தரி சத்தத்துக்கு நடுவில் கதை வரும்.

அவருடைய சத்தந்தின்னி முப்பதாவது லெவலில் இருந்தது. வெடி வைக்கும் நேரத்துக்கு வாயைத் திறந்துகொண்டு வந்து நிற்கும். வெடிச் சத்தம் முழுவதையும் விழுங்கிவிடும். ஒருநாள் அதற்கு வயிறு சரியில்லை. பாதிதான் தின்ன முடிந்தது. "மீதி சத்தம் போக எடமில்லாம என் எடது காதுக்குள்ள பூந்துகிச்சு. இன்னும் உள்ளேயேதான் கீது. அதான் நீ கூப்ட்டா எனக்குக் கேக்கறதில்ல." அதோடு கதை முடியும். தலையைத் தட்டி, போய்க் குளி என்பார்.

பதினோரு வயதில் பிரிஸில்லா அத்தைக்கு ஒரு கடிதம் எழுதினேன். முகவரி புத்தகத்தின் பின்னட்டையில் இருந்தது. அப்பாவின் கதை முழுவதையும் எழுதி, படமும் வரைந்து அனுப்பினேன். பதில் இல்லை. இரண்டு வருடம் கழித்து பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்த புத்தகக் கண்காட்சியில் சத்தந்தின்னி என்ற புத்தகத்தைப் பார்த்தேன். அதில் சுரங்கம் இல்லை, ரயில்வே குடியிருப்பில் ஒரு பாழுங்கிணறு இருந்தது. முடிவு வேறு. படத்தில் காதே இல்லை. திருட்டு ஸ்கூட்டரை வேறு நிறம் அடித்துத்தான் விற்பார்கள் என்று அந்த வயதிலேயே எனக்குத் தெரியும்.

"அப்புறம்?" என்றாள் சங்கமித்ரா.

"அப்பாகிட்ட சொன்னேன். விடுறான்னாரு."

"ஏன் விடணும்?"

"அதான் எனக்கும் தெரியல."

அவளிடம் சொல்லாதது ஒன்று உண்டு. அப்பா அன்றைக்கு டிபன் டப்பா கழுவிக்கொண்டிருந்தார். விடுறா, நமக்கு எதுக்கு என்று சொல்லிவிட்டு, கழுவின டப்பாவையே மறுபடி தேய்த்தார். சுரங்க மேஸ்திரியிலிருந்து அடுக்குமாடிச் செயலாளர் வரை எல்லார் முன்னாலும் கையைக் கட்டி நின்றவர் இதற்கும் கட்டிக்கொள்கிறார் என்று நினைத்தேன். அந்த நினைப்பு போகவில்லை. நான் கல்லூரியை விட்டு வந்து நின்றபோது, எதையும் முழுசாகப் பிடித்துக்கொள்ளத் தெரியாதா உனக்கு என்று அவர் கேட்டார். "உன் கதையவே உன்னால புடிச்சி வச்சிக்க முடியல, நீ என்னக் கேக்கற?" என்றேன். அவருக்குக் கேட்கும்படியாக, வலது காதுப் பக்கம் வந்து சொன்னேன்.

அதற்குப் பிறகு பெரிதாகப் பேச்சில்லை. அம்மா இறந்த பிறகு அதுவும் இல்லை. இப்போது வலது காதும் போய்விட்டது, போனில் பேச முடியாது. தினமும் மாலை ஏழு மணிக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். உயிரோடு இருக்கிறேன் என்று அர்த்தம். நான் ஒன்று திருப்பிக் கொடுப்பேன். அவருடைய போன் சட்டைப்பையில் அதிரும், எடுத்துப் பார்ப்பார். மூன்று வருடமாக எங்களுக்குள் இவ்வளவுதான்.

அந்த அம்மா இதை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் வந்தது அதற்குத்தான். கடிதத்தின் முதல் வரைவு என் கன்னடக் காப்பி நோட்டில் இருந்தது. அதைக் காட்டி, ரெமிஜியஸ் என்ற பெயர் நினைவிருக்கிறதா என்று கேட்க வேண்டும். அப்படி ஒரு பெயரை யாரும் மறக்கமாட்டார்கள்.

பிரிஸில்லா அத்தை வந்தார். எழுபது வயது இருக்கும். காட்டன் புடவை, விளையாட்டு ஷூ. இடது கையில் சாக்குத் துணியில் தைத்த பொம்மை ஒன்றை மாட்டியிருந்தார். "எல்லாரும் கத்துங்க பார்ப்போம்," என்றார். நூற்றைம்பது குழந்தைகள் கத்தினார்கள். எனக்குத் தலை வெடித்தது. அவர் பொம்மையின் வாயை மெதுவாகத் திறந்தார். வாய் திறக்கத் திறக்க சத்தம் குறைந்தது. முழுதாகத் திறந்தபோது ஹாலில் மின்விசிறி ஓடுவது மட்டும்தான் கேட்டது. பொம்மை வாயை மூடி ஏப்பம் விட்டது. குழந்தைகள் புரண்டு சிரித்தார்கள். சங்கமித்ரா என் முழங்காலில் அடித்தாள்.

நல்ல வித்தைதான். நான் இரவெல்லாம் சத்தம் கேட்கிறவன், எனக்கே அந்த அமைதி பிடித்திருந்தது. அது பிடித்திருந்தது எனக்கு எரிச்சலாக இருந்தது.

நாற்பது நிமிடம் கதை சொன்னார், பாடினார், நடித்தார். பிறகு கேள்வி நேரம். முதல் கேள்வி, அத்தை உங்களுக்கு என்ன ஐஸ்கிரீம் பிடிக்கும். இரண்டாவது, பொம்மையைத் துவைப்பீர்களா. மூன்றாவதாக என் பக்கத்தில் ஒரு கை உயர்ந்ததை மைக் அவளிடம் வந்த பிறகுதான் கவனித்தேன்.

"ஆன்ட்டி, இந்த அங்கிள் சொல்றாரு, சத்தந்தின்னி அவரோட அப்பா கதையாம். நீங்க எடுத்துக்கிட்டீங்களாம். நெஜமா?"

ஹால் முழுவதும் திரும்பியது. பொம்மை இல்லாமலே அமைதி வந்துவிட்டது. தாஸ் முன்வரிசையிலிருந்து என்னைப் பார்த்தார். "அய்யோ மச்சான்," என்றார் மெதுவாக.

பிரிஸில்லா அத்தை கோபப்படவில்லை. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு என்னைத் தேடினார். "எந்த வருஷம் சொன்னாரு உங்க அப்பா?"

எழுந்து நின்றேன். "ரெண்டாயிரத்து மூணு. நான் உங்களுக்கு லெட்டர் போட்டது ரெண்டாயிரத்து நாலு. புக்கு ரெண்டாயிரத்து ஆறு."

வேலையில் தப்பைக் கண்டுபிடித்துச் சொல்லும்போது வரும் குரல்தான் எனக்கு வந்தது.

"லெட்டரா? எந்த அட்ரஸுக்கு?"

"பெரம்பூர்."

"அந்த வீட்டை நான் ரெண்டாயிரத்து ஒண்ணுலயே காலி பண்ணிட்டேனேப்பா. புக்குல மாத்தாம விட்டுட்டாங்க. எத்தனை பேர் லெட்டர் போச்சோ." அவருக்கு உண்மையாகவே வருத்தம். எழுதிவைத்துப் படிக்கும் வருத்தத்தை எனக்கு அடையாளம் தெரியும். இது அதுவல்ல. பிறகு கணினிக்குப் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். "தம்பி, கடைசியில காட்டறதுக்கு ஒரு படம் வச்சிருந்தோமே, அதைப் போடுங்க."

திரையில் ஒரு வாரப் பத்திரிகையின் பக்கம் வந்தது. பழுப்புத் தாள், இரண்டு பத்தி, ஓரத்தில் பல்பொடி விளம்பரம். மேலே, சத்தந்தின்னி, முதல் அத்தியாயம். மூலையில் தேதி. ஜூன் 2002.

"புக்கா வர்றதுக்கு முன்னாடி இது தொடரா வந்துச்சு. பதினாலு வாரம். அந்தப் படம் போட்டவர் அப்புறம் துபாய் போயிட்டாரு, புக்குக்கு வேற ஆள் போட்டாங்க."

நான் தேதியை ஒருமுறைதான் பார்த்தேன். படத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். பானை வயிறு. குட்டைக் கால். முதுகுப் பக்கம் திரும்பிய இரண்டு காது.

ஒருமுறை பள்ளி விடுமுறையில் அப்பா என்னை அந்த விடியற்காலை ரயிலில் கூட்டிக்கொண்டு வந்தார். நான்காவது பெட்டியில் அவர்களுக்கு என்று ஒரு கூட்டம் உண்டு. எப்போதும் அதே இடம், அதே ஆட்கள். ரத்தினம்மாள் என்று ஒரு அம்மா, கார்மென்ட்ஸில் வேலை செய்பவர், ஜன்னலோரம் உட்கார்ந்து வாரப் பத்திரிகையை உரக்கப் படிப்பார். வண்டியிலேயே சமையலுக்குக் காய் நறுக்கும் மற்றவர்கள் அவரை பீன்ஸ் நறுக்கவிடமாட்டார்கள், அவர் வேலை படிப்பது. பங்காருப்பேட்டையில் ஆரம்பித்து ஒயிட்ஃபீல்டுக்குள் துணுக்கு, ஜோக், தொடர்கதை, விளம்பரம் எல்லாம் முடிந்துவிடும். வண்டிச் சத்தத்தில் கேட்கவில்லை என்று அப்பா மட்டும் இடத்தை மாற்றிக்கொண்டு, வலது காது அவர் பக்கம் வரும்படி உட்கார்ந்திருந்தார். படம் வந்தால் பத்திரிகையை வாங்கிப் பார்த்துவிட்டுக் கொடுப்பார். அதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் நானும் உட்கார்ந்திருந்தேன். இருபத்திரண்டு வருடத்தில் ஒருமுறைகூட அதை இதோடு சேர்த்துப் பார்க்கவில்லை.

ஸ்கூட்டருக்கு வேறு நிறம் அடித்தது அப்பா.

"உங்க அப்பா பத்திரிகையில படிச்சிருப்பாரு," என்றார் பிரிஸில்லா அத்தை. குரலில் கிண்டல் இல்லை. "படிச்சதைக் குழந்தைக்குச் சொல்லியிருக்காரு. நல்ல அப்பா. எல்லாரும் கைதட்டுங்க."

எல்லாரும் கைதட்டினார்கள். நான் உட்கார்ந்தேன்.

"ஸாரி அங்கிள்," என்றாள் சங்கமித்ரா.

"நீ கேட்டது கரெக்ட்."

"உங்கப்பா பொய் சொன்னாரா?"

யோசித்துப் பார்த்தேன். என் கதை என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. கதை சொன்னார், அவ்வளவுதான். அது அவருடையது என்று முடிவு செய்தது நான். அன்றைக்கு டிபன் டப்பாவோடு நின்றபோது, இல்லடா, ரயிலில் கேட்டது என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவரிடம் எனக்கு வேறு எதுவும் மிஞ்சியிருக்காது. அது அவருக்குத் தெரிந்திருந்தது. ஏழு வருடம் கழித்து அதையே எடுத்து நான் அவர் முகத்தில் அடித்தபோதும் அவர் அந்த ஒரு வரியைச் சொல்லவில்லை.

"இல்ல," என்றேன்.

கையெழுத்து வரிசை நீளமாக இருந்தது. சங்கமித்ராவுக்கு தாஸ் ஒரு புத்தகம் வாங்கினார். நானும் ஒன்று எடுத்தேன், சத்தந்தின்னி, பன்னிரண்டாம் பதிப்பு. லீனா வரிசையில் நடந்து, மஞ்சள் சீட்டில் குழந்தையின் பெயரை எழுதி ஒவ்வொரு புத்தகத்திலும் ஒட்டிக்கொண்டு வந்தாள். எழுத்தாளர் ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்டு நேரம் போக்கக் கூடாது என்பதற்காக.

"சார், பேரு?"

"பால்ராஜ்."

"குழந்தை இல்லன்னீங்க?"

"பால்ராஜ்னு எழுதும்மா."

தாஸ் என் தோளில் கை போட்டார். "வுடு மச்சான். எங்கப்பா எங்கிட்ட சொன்னது எல்லாமே சினிமாக் கதை. கல்யாணம் ஆனப்புறம் டி.வி.லதான் ஒவ்வொண்ணா கண்டுபுடிச்சேன்."

சிரிப்பு வந்தது. சிரித்தேன். அவர் கையை எடுக்கும்வரை அசையாமல் நின்றேன். யாராவது என்னைத் தொட்டு எத்தனை நாளாயிற்று என்று கணக்குப் போடத் தொடங்கி நிறுத்திக்கொண்டேன்.

என் முறை வந்தது. பிரிஸில்லா அத்தை சீட்டைப் பார்த்துவிட்டுக் குனிந்தபடியே எல்லாரிடமும் கேட்டதைக் கேட்டார். "பால்ராஜுக்கு எத்தனை வயசு?"

"அறுபத்திரெண்டு."

பேனா நின்றது. நிமிர்ந்து பார்த்தார். "ஓ, நீங்களா. அப்பாவா இது?"

"ஆமா."

"என்ன வேலை பார்த்தாரு?"

"கே.ஜி.எஃப். சுரங்கத்துல. டிரில்லர்." அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். "அவரு சொன்னதுல கிணறு இல்ல. சுரங்கம். முப்பதாவது லெவல். வெடிச் சத்தத்தத் தின்னும்."

அவர் பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார். வரிசையில் பின்னால் ஒரு குழந்தை சிணுங்கியது. "சுரங்கமா? எனக்கு இது தோணவே இல்ல பாருங்க. கிணத்தைவிட நூறு மடங்கு நல்லா இருக்கு. எப்படி முடிச்சாரு? என் முடிவு எனக்கே பிடிக்காது, திருவிழாவுல எல்லாச் சத்தத்தையும் கக்கிடும்னு சும்மா வச்சேன். அவரு என்ன பண்ணாரு?"

காலையில் இந்த ஹாலுக்கு வந்தபோது இதற்காகத்தான் வந்தேன். அந்த அம்மா பேனாவை வைத்துவிட்டு, அப்பாவின் கதையை என்னிடம் கேட்க வேண்டும். கேட்டுவிட்டார். நோட்டு பையில் இருந்தது. கடைசிப் பக்கத்தில் முடிவு, பதினோரு வயதுக் கையெழுத்தில், இடது காது என்பதற்குக் கீழே கோடு போட்டு. கொடுத்தால் அடுத்த பதிப்பில் வரலாம். நன்றி, பால்ராஜ், தங்கவயல் என்று முன்பக்கத்தில் போடக்கூடும். அந்த அம்மா செய்யக்கூடியவர்.

அந்த ஒன்றுதான் அவருடையது. மீதி எல்லாம் ரயிலில் வந்தது. அவருடைய அந்த இடது காது மட்டும் வந்ததில்லை.

"மறந்துட்டேன் மேடம்," என்றேன்.

அவர் நம்பவில்லை. ஆனாலும் பேனாவைத் திறந்தார். பால்ராஜுக்கு அன்புடன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். "அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க."

"சொல்றேன்."

சங்கமித்ராவும் நானும் சேர்ந்து வெளியே வந்தோம். லீனா இரண்டு ஐம்பத்தேழையும் சரிபார்த்து எங்களைப் போகவிட்டாள். தாஸ் ஆட்டோ பிடித்தார். மர்பி டவுனுக்கு வா, பிரியாணி சாப்பிட்டுப் போ என்றார். தூக்கம் வருகிறது என்றேன். வற்புறுத்தியிருந்தால் போயிருப்பேன். அவருக்கு ஆட்டோக்காரனோடு தகராறு. "மீட்டர் போடு குரு!" என்று கத்திக்கொண்டிருந்தார். போன் நம்பர் வாங்க அவரும் மறந்தார், நானும் மறந்தேன். சங்கமித்ரா உள்ளேயிருந்து கையை ஆட்டினாள். ஆட்டோ திரும்பிப் போனது.

அறைக்கு வந்து படுத்தேன். தூக்கம் வரவில்லை. புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். நல்ல புத்தகம். பதின்மூன்று வயதில் அதைப் படித்தபோது திருடனின் வீட்டைச் சோதனை போடுவது போல்தான் படித்திருந்தேன். முதல்முறையாக இன்றைக்குத்தான் கதையாகப் படித்தேன்.

அப்பாவுக்கு இதைக் கொடுக்க முடியாது. கொடுத்தால் எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிடும். இத்தனை வருடம் அவர் தாங்கிக்கொண்டது வீணாகிவிடும். கொடுக்காவிட்டால், நான் அன்றைக்குச் சொன்னது சொன்னபடியே இருக்கும். கட்டிலுக்கு அடியில் இருந்த டிரங்குப் பெட்டியைத் திறந்து, புத்தகத்தையும் நோட்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து மூடினேன். வேறு வழி தோன்றவில்லை.

ஏழு மணிக்கு போன் ஒருமுறை அடித்து நின்றது. நான் ஒன்று திருப்பிக் கொடுத்தேன். பிறகு கொஞ்ச நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டிருந்துவிட்டு இன்னொன்று கொடுத்தேன். இரண்டுக்கு எங்களுக்குள் அர்த்தம் எதுவும் கிடையாது.

நான்கைந்து நிமிடம் கழித்து அங்கிருந்து ஒன்று வந்தது. முதலில் தான் கொடுத்தது எனக்கு வந்து சேரவில்லை என்று நினைத்திருப்பார். மணிக்கட்டில் இருந்த மஞ்சள் காகிதத்தைப் பிய்த்துப் போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பினேன்.